மூன்றாம் மாடியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்

வங்கி மேலாளரின் மேஜை மேல் சாவிக்கொத்தை வைத்தேன். மூன்று சாவிகள், அவற்றைக் கோத்த வளையத்தில் ஒரு பித்தளை யானை.

"என்ன சார் இது?" என்றார் மேலாளர்.

"வீடு," என்றேன். "மூணாவது மாடி. பேங்க் குடுத்த பணத்துல வாங்கினது. நீங்களே வச்சிக்குங்க. யானையும் சேத்துத்தான்."

பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவி சுலோச்சனா, சுற்றாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். கல்யாணமாகி முப்பது வருஷம் தாண்டிவிட்டது. வெளியிடத்தில் நான் பேசத் தொடங்கினால் அவள் மேலே எதையாவது பார்க்கத் தொடங்குவாள்.

மேலாளர் சின்ன வயசுக்காரர். சாவிக்கொத்தைக் கையால் தொடவில்லை. செத்த பல்லியைத் தள்ளுகிற மாதிரி பேனா முனையால் மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

"சார், நாங்க கடன் குடுக்கிறவங்க. வீடு வச்சிக்கிறவங்க இல்ல."

"அப்ப நான் மட்டும் எதுக்கு வச்சிக்கணும்?"

குறும்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே எனக்கு விளங்கவில்லை. சட்டை பிடிக்கவில்லை என்றால் கடையில் மாற்றிக்கொள்ளலாம். ஊர் பிடிக்கவில்லை என்றால் பஸ் ஏறலாம். 'எனக்கு இந்தச் சொத்து வேண்டாம்' என்று ஒரு மனிதன் சொல்ல வேண்டுமானால் எந்த ஜன்னலில் போய் நிற்க வேண்டும்? இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது.

மேலாளர் பொறுமையாகச் சொன்னார். "ஏற்கெனவே ரெண்டு தவணை நிக்குது. மூணாவதும் நின்னா ஏலத்துக்குப் போயிடும். ஏலத்துல விலை குறைஞ்சா, மிச்சத்துக்கு உங்க இன்னொரு வீடு இருக்குதே, அதுவும் எங்ககிட்டதான் அடமானத்துல இருக்குது."

சுலோச்சனா மின்விசிறியை விட்டுவிட்டுக் கீழே பார்த்தாள்.

அந்த இன்னொரு வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் இருக்கிற வீடு. எங்கள் இரண்டு தறியும் அங்கேதான் ஓடுகின்றன. அதன் மூலப்பத்திரம் இந்த வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை மீட்க வேண்டுமானால் மூன்றாம் மாடியிலிருந்து நான் இறங்க வேண்டும். லிஃப்ட் வேறு வேலை செய்யவில்லை.

இருபத்தாறு எட்டு

இந்த ஃபிளாட்டை நான் வாங்கிய காரணத்தைக் காஞ்சிபுரத்துக்கு வெளியே சொன்னால் நம்ப மாட்டார்கள். உள்ளே சொன்னால் உட்கார்ந்து சிரிப்பார்கள்.

நான் பட்டு நெய்கிறவன். ஒரு தறியில் நானும் சுலோச்சனாவும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒரு ஆள் போதாது. நான் நடுவில் இருப்பேன். அவள் என் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கான நாடாவை, அதாவது குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டையை, வீசுவாள். எங்கள் குடும்ப விவகாரங்களில் பெரும்பாலானவை அந்தப் பலகையில் உட்கார்ந்தபடி, நாடாவுக்கு நாடா பேசி முடிக்கப்பட்டவை.

மூன்று புடவைக்குப் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், அறுபது அடி வரும். தறியில் ஏற்றுமுன் அதை முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, இழை பிரித்து, அறுந்ததை முடிந்து, சுருட்ட வேண்டும். வீட்டுக்குள் அறுபது அடி எவனுக்கு இருக்கிறது? அதனால் விடிந்ததும் தெருவில்தான் வேலை. எங்கள் தெருவில் இது ஒன்றும் அதிசயமில்லை. பாவு விரித்திருந்தால் சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்.

இப்போது யார் இறங்குகிறார்கள்? ஒரு நாள் தண்ணீர் கேன் வண்டி. ஒரு நாள் மாடு. இன்னொரு நாள் எதிர்வீட்டு மாப்பிள்ளையின் புதுக் கார், பாவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் ஹாரன். மாப்பிள்ளை முகத்தில் கல்யாணக் களையே போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீபெரும்புதூர் பஸ் போகிற வழியில், ஊர் எல்லை தாண்டி, ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பியது. நல்ல முகூர்த்த சீசன் முடிந்து கையில் கொஞ்சம் காசும், மண்டையில் கொஞ்சம் காற்றும் இருந்தன. பார்க்கப் போனோம். சுலோச்சனா அடுப்படியைப் பார்த்தாள். பார்க்க வந்த மற்றவர்கள் குழாயைத் திறந்தார்கள், ஜன்னலைத் திறந்தார்கள். நான் வெளியே வந்து, மூன்றாம் மாடி நடைபாதையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன்.

இருபத்தாறு எட்டு. எட்டுக்கு இரண்டரை அடி என்றால் அறுபத்தைந்து அடி! தலைக்கு மேல் கூரை வேறு. மழை கிடையாது, மாடு கிடையாது, மாப்பிள்ளை கிடையாது.

"சார், பெட்ரூம் பாக்கலியா?" என்றார் விற்பனை ஆள்.

"அது கெடக்குது. இந்த நடை எத்தனை அடி அகலம்?"

"அஞ்சு."

"போதும்பா."

அவர் அங்கேயே பேனாவை நீட்டிவிட்டார். அவர் தொழிலில் என்னைப் போல ஒரு கிராக்கி மறுபடி வந்திருக்க மாட்டான்.

எனக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் ஃபிளாட் மட்டும் போதாது என்று வங்கி எங்கள் வீட்டுப் பத்திரத்தையும் கேட்டது. கூடவே இன்னொரு கையெழுத்தும். சுலோச்சனா தறியில் உட்காருகிற மாதிரியே என் வலப்பக்கம் உட்கார்ந்து, காட்டின இடத்தில் எல்லாம் போட்டாள். ஃபிளாட்டும் கடனும் இரண்டு பேர் பெயரிலும் ஆயின.

நாலு வீட்டுக்குப் பூட்டு

முதல் பாவு விரித்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. விடியற்காலை. அரைச்சுவருக்கு மேலாக வேப்பங்காற்று. அரக்கு நிறப் பட்டு அறுபது அடிக்கு இழுபட்டு நின்றது. கஞ்சி வாசனை. ஒரு இழையில்கூடச் சலனமில்லை. ராஜாவானேன்.

அப்போது ஒரு வீட்டின் கிரில் கதவு 'டங்' என்று பாவில் இடித்து நின்றது.

நான் நீளம் பார்த்தேன், அகலம் பார்த்தேன், கூரை பார்த்தேன். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்க்கவில்லை. அந்த மாடியில் எல்லா கிரில்லும் வெளிப்பக்கம் திறப்பவை. நாலு குடும்பத்தை உள்ளே வைத்துப் பட்டு நூலால் பூட்டியிருந்தேன்.

கிரில்லின் சந்தில் கம்பெனிச் சீருடையில் ஒரு முகம் தெரிந்தது. "சார், பஸ் வந்துடும் சார். நான் எப்படி வெளிய வர்றது?"

"ஒரு பத்து நிமிஷம்பா."

"பத்து நிமிஷத்துல பஸ் போயிடும் சார்!"

"அப்ப குனிஞ்சு வந்துடு. நூல்ல பட்டுடாத."

பாவம், நல்ல மனுஷன். இருக்கிற சந்தில் உடம்பை நெளித்து, சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தவழ்ந்து வந்தார். அடையாள அட்டை மாட்டியது. நாற்பது இழை போயிற்று. அவருடைய பஸ்ஸும் போயிற்று.

மறுநாள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: 'பொது நடைபாதையில் துணி உலர்த்தக் கூடாது.' அது இன்னும் துணியே ஆகவில்லை என்று விளக்கப் போனேன். சுலோச்சனா சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

பிறகு வாடகைக்கு விட்டோம். கம்பெனி ஆட்கள் இருந்தவரை தவணை எப்படியோ ஓடியது. அவர்களை வேறு ஊருக்கு மாற்றியதும் வீடு காலியானது. ஆறு மாசம் சமாளித்தோம். அப்புறம்தான் இரண்டு தவணை நின்றதும், நான் சாவியோடு போனதும்.

சாமியும் வில்லங்கம் பார்க்கும்

வங்கி வாங்காது என்றதும் எனக்கு ஆர்வம் அதிகமாகிவிட்டது. சரி, சும்மா கொடுத்தால் யார் வாங்குவார்கள்?

ஊரில் கோயிலுக்கா பஞ்சம். ஒரு கோயில் அலுவலகத்துக்குப் போய், "ஒரு ஃபிளாட்டை சாமி பேருக்கு எழுதிடலாம்னு இருக்கேன்," என்றேன். எழுத்தர் எழுந்து நாற்காலி போட்டார். தீர்த்தம் வந்தது. பிறகு, "வில்லங்கச் சான்று எடுத்துட்டீங்களா?" என்றார்.

"கொஞ்சம் கடன் இருக்குது. ஏழு வருஷம்தான் பாக்கி."

அவர் உட்கார்ந்துவிட்டார். "அய்யா, சாமி தவணை கட்டாதுங்க."

திரும்பி வரும்போது கூரம் ஞாபகம் வந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமம். பல்லவ ராஜா கோயிலுக்கு நிலம் கொடுத்ததைச் செப்பேட்டில் வெட்டி வைத்திருந்த ஊர். அந்த ராஜாவை நினைத்துப் பொறாமையாக இருந்தது. ஒரு பிடி செம்புத் தகட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். யாரும் அவரிடம், 'மகாராஜா, இதன் மேல் ஏதாவது பாக்கி உண்டா?' என்று கேட்கவில்லை. சொத்தை விடுவதற்கும் ராஜாவாகப் பிறக்க வேண்டும் போலிருக்கிறது.

எனக்குச் சரிகை தருகிற நூர் பாய் கடையில் போய் உட்கார்ந்தேன். எங்களுக்குள் இருபது வருஷப் பழக்கம்.

"வாத்தியாரே, பேங்க் வாங்கல, சாமி வாங்கல. விலைக்கு விக்கலாம்னு ஒன்னு இருக்குதே, அத யோசிக்கலியா?"

"விக்கப் பாக்கறேன் பாய். ஏழு பேர் வந்தாங்க. ஏழு பேரும் ஓடிட்டாங்க."

"ஏன் ஓடறாங்க?"

"தெரியலியே பாய்."

"அடுத்த வாட்டி நானும் வர்றேன்," என்றார்.

குறை சொல்லும் வியாதி

எட்டாவதாக ஒரு தம்பதி வந்தார்கள். நூர் பாய் ஓரமாக நின்று கவனித்தார். நான் கதவைத் திறந்து, அவர்கள் செருப்பைக் கழற்றுமுன்பே ஆரம்பித்தேன்.

"சித்திரை மாசம் தண்ணி கொஞ்சம் மஞ்சளா வரும். லிஃப்ட் ரெண்டாவது மாடியில நின்னுடும், அப்புறம் மனசு வந்தா ஏறும். மழை பேஞ்சா மேக்கால சுவர்ல ஈரம் படரும், இங்க பாருங்க..."

தம்பதி ஈரத்தைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், வாசலைப் பார்த்தார்கள்.

அவர்கள் போனதும் நூர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! வாத்தியாரே, நீ விக்கிறியா, புகார் குடுக்கிறியா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இது தறிக்காரன் வியாதி. நெய்த புடவையை நெசவாளர் சங்கத்துக்குக் கொண்டுபோனால், தரம் பார்ப்பவர் வெளிச்சத்தில் விரித்து ஒவ்வொரு சாணாகப் பார்ப்பார். குறையை மடிப்புக்குள் வைத்துக் கொடுத்து அவர் கண்டுபிடித்தால் புடவையே திரும்பும். நாமே முதலில் விரல் வைத்து, 'இங்க ஒரு இழை விட்டிருக்குது' என்று சொல்லிவிட்டால், கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு எடுத்துக்கொள்வார். முப்பது வருஷமாக எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் என் விரல் தானாகக் குறை மேல் போய் நிற்கும். ஃபிளாட்டையும் அப்படித்தான் விரித்துக் காட்டியிருக்கிறேன்.

சுலோச்சனாவிடம் பாய் போட்டுக்கொடுத்துவிட்டார்.

"அடுத்த தபா ஆள் வந்தா நீங்க வாயத் தொறக்கக் கூடாது," என்றாள். "வெத்தல போட்டுக்குங்க. துப்பவும் கூடாது."

வெற்றிலையும் நானும்

ஒன்பதாவதாக வந்தவள் கவிதா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலை, முப்பது வயசு இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியேறி வந்தாள். மூன்றாவது தவணைக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

சுலோச்சனா சுற்றிக் காட்டினாள். அடுப்படி, காற்று, பஸ் வசதி. நான் இரண்டு கன்னமும் உப்ப, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கவிதா சுவரைத் தட்டினாள், குழாயைத் திறந்தாள். ஆனால் திரும்பத் திரும்ப என்னைத்தான் பார்த்தாள்.

"அக்கா, அங்கிள் ஏன் பேச மாட்டேங்கிறாரு?"

"அவருக்குத் தொண்ட சரியில்லமா."

"இல்லக்கா. அவரு முகத்தப் பாத்தா எதையோ மறைக்கிற மாதிரி இருக்குது. கேஸ் கீஸ் ஏதாச்சும் இருக்குதா? வேணாங்கா, நான் கிளம்பறேன்."

அவள் படியில் இறங்கத் தொடங்கினாள். என் கண்முன் பிள்ளையார்பாளையத்து வீடும் இரண்டு தறியும் படியில் இறங்கிக்கொண்டிருந்தன. துப்பக் கூடாது என்றுதானே உத்தரவு? வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மொத்தத்தையும் விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அம்மா, நில்லு! கேஸ் எல்லாம் இல்ல. தண்ணி மஞ்சளா வரும். லிஃப்ட் நின்னுடும். மேக்குச் சுவர் ஈரம். பாத்ரூம் கொக்கி ஆடுது. பக்கத்து வீட்டு நாய் அஞ்சு மணிக்குக் குலைக்கும்..."

சுலோச்சனா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

கவிதா படியேறி வந்தாள். போனை எடுத்தாள். "இருங்க அங்கிள், மெதுவா. ஒன்னு ஒன்னா சொல்லுங்க." தட்டிக்கொண்டே வந்தாள். முடிந்ததும், "இன்னும்?" என்றாள். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். வெளிச்சத்தில் புடவையை விரிப்பவரின் குரல்.

"நான் குவாலிட்டில இருக்கேன் அங்கிள்," என்றாள். "வண்டி லைன்ல வந்தா மொதல்ல குறையத்தான் எழுதுவோம். குறையே இல்லன்னு யாராச்சும் சொன்னாத்தான் எங்களுக்குப் பயம். சரி, எதுக்கு வாங்கினீங்க, எதுக்கு விக்கறீங்க?"

பாவுக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வெளியே போய் நடைபாதையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தாள்.

"நீளம் கரெக்டா பாத்திருக்கீங்க. கதவு தொறக்கிற பக்கம் செக் பண்ணல. எங்க கம்பெனில அதுக்குன்னே ஒரு தனி ஷீட் இருக்குது."

பிறகு விலை பேசினாள். லிஃப்டுக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, நாய்க்குக்கூட ஒரு தொகை. ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது தவணைக்குள் முன்பணம் வந்துவிட்டது; நின்ற தவணைகளைக் கட்டினோம். மற்றதெல்லாம் காகித வேலை. அவளுடைய வங்கி எங்கள் வங்கிக்கு நேராகவே காசோலை கொடுத்தது. அது எங்கள் கடனைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நின்றது. எங்களுக்கு மிஞ்சியது இரண்டு டீயும் ஒரு வடையும்.

பெயர் தேடிய மத்தியானம்

மறுபடியும் அதே மேலாளர், அதே மேஜை. இந்த முறை அவர்தான் மேஜை மேல் வைத்தார். காக்கி உறை. உள்ளே எங்கள் வீட்டுப் பத்திரம். பழைய காகிதமும் அந்துருண்டையும் கலந்த வாசனை.

நான் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் சுலோச்சனா உறையைப் பிரித்துவிட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். பின்னால் வரிசை நின்றது. முழுசாகப் படித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இதுல எம் பேரு எங்க?"

"இது எங்கப்பா எனக்கு எழுதினது சுலோ. அதுல எப்படி உன் பேரு வரும்?"

"இப்ப வித்தமே, அதுல எம் பேரு இருந்துச்சி இல்ல?"

"இருந்துச்சி."

"அத வித்தாச்சு. கடன்லயும் எம் பேரு இருந்துச்சி. அத அடச்சாச்சு. அப்ப இப்ப எம் பேரு எதுலதான் இருக்குது?"

"ரேஷன் கார்டுல," என்றேன்.

இந்த முறை அவள் மின்விசிறியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். மேலாளர் அவசரமாகக் கணினிக்குள் ஒளிந்துகொண்டார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை மாசமாக 'ஒரு மனிதன் சொத்தை எப்படி விடுவது' என்று ஊரெல்லாம் விசாரித்தேன். அவள் பேரில் இருந்த ஒரே சொத்து அதுதான் என்பது என் மண்டையில் ஒரு தடவைகூட ஏறவில்லை. கடன் கழுத்தைப் பிடித்தபோது என் வலப்பக்கமே உட்கார்ந்திருந்தவள். விடுதலை கிடைத்தபோது எனக்கு ஒரு வீடும் இரண்டு தறியும், அவளுக்கு அரை வடை.

வெளியே வந்து, "பாதிய உன் பேர்ல எழுதிடறேன்," என்றேன்.

அவள் முன்னால் நடந்தாள். பத்திரம் எழுதுபவர் கடை வாசலில் நின்று திரும்பினாள்.

"முழுசா எழுதுங்க. பாதிய கையில வச்சிக்கினு இருந்தீங்கன்னா மறுபடியும் எங்கயாச்சும் நடந்து பாத்துட்டு, வாங்கிக்கினு வருவீங்க."

சரி என்று உள்ளே போனேன். தான செட்டில்மென்ட் பத்திரம் தயாரானது. சார்பதிவாளர் கேட்டார்: "யாரோட வற்புறுத்தலும் இல்லாமதான் எழுதித் தரீங்களா?"

நான் சுலோச்சனாவைப் பார்த்தேன்.

"அவங்களப் பாக்காதீங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"யாரும் வற்புறுத்தல சார்," என்றேன். கட்டைவிரலை இயந்திரத்தில் வைத்தேன். பேங்கும் சாமியும் வாங்க மறுத்த ஊரில், நான் கொடுத்ததை ஒருத்தி வாங்கிக்கொண்டாள். உடம்பு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. ஊரில் எனக்கென்று ஒரு சாண் இடம் இல்லை. பல்லவ ராஜாவுக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

போன வாரம் நாங்கள் இரண்டு பேரும் தறியில் இருந்தபோது, வீட்டு வரிக்காரர் கையில் ரசீது இயந்திரத்தோடு வாசலில் வந்து நின்றார். "ஓனர் இருக்காங்களா?"

பழக்க தோஷம், நான் லுங்கியை இறுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டேன். வாசலில்தான் நினைவு வந்தது.

"சுலோ! உன்னத்தான் கேக்கறாங்க!"

அவள் நாடாவை வைத்துவிட்டு நிதானமாக வந்தாள். அவர் இயந்திரத்தில் பெயரைச் சரிபார்த்துக்கொண்டு, என்னைக் காட்டி, "இவரு?" என்றார்.

சுலோச்சனா என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள்.

"வாடகை குடுக்காம இருக்கிறாரு," என்றாள்.